போனில் ஊரைப் படம் எடுப்பது: மட்டக்களப்புத் தெருக்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாகப் படம் எடுக்க வரும் பிள்ளைகளோடு கல்லடிப் பாலத்திலிருந்து சந்தை வரை நடப்பது என் வழக்கம். எல்லோர் கையிலும் நல்ல போன்தான் இருக்கும். ஆனாலும் முதல் நாள் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு ஆளைப் பார்த்ததும் போனைத் தூக்குகிறார்கள். படத்தில் அந்த ஆளின் தலைக்கு மேலே லைட் கம்பம் முளைத்திருக்கும், முகம் நிழலில் கிடக்கும், இரண்டாவது படம் எடுப்பதற்குள் ஆள் போயிருப்பார்.

வேலையின் வரிசை பிழைத்துப் போவதால் வரும் குறை இது. முதலில் வெளிச்சம், அடுத்து பின்னணி, அதற்கேற்ற நிற்கும் இடம், கடைசியில்தான் ஆள். கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதல் நாள் இரவே முடிக்க வேண்டியவை

போனை முழுதாகச் சார்ஜ் பண்ணுங்கள். குறைந்தது 3 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். படகு கரை சேரும் நேரத்தில் "இடம் போதாது" என்று போன் சொன்னால், அங்கே நின்று பழைய வீடியோக்களை அழிக்க முடியாது.

அடுத்தது கமரா வில்லை. கடற்கரை ஊரில் இருக்கிறோம். காற்றோடு வரும் உப்பும் விரல் எண்ணெயும் சேர்ந்து வில்லையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். உங்கள் வில்லையில் படலம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரவில் எரியும் பல்ப் ஒன்றைக் கமராவில் பாருங்கள். பல்பிலிருந்து நீளமாக ஒளிக்கோடு இழுபட்டால் வில்லை அழுக்கு. கண்ணாடி துடைக்கும் துணியை இலேசாக ஈரமாக்கி ஒற்றி எடுத்து, பிறகு காய்ந்த பக்கத்தால் துடையுங்கள். காய்ந்த துணியால் நேரே தேய்த்தால் ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும்.

துடைக்கும் துணி, பவர் பேங்க், மழைக்கு ஒரு ஸிப் பூட்டுப் பை, குடிக்கத் தண்ணீர். இவ்வளவும் ஒரு சின்னப் பையில் அடங்கும்.

2. செட்டிங்கில் ஒரே ஒரு தடவை மாற்றுபவை

கமராத் திரையில் குறுக்கும் நெடுக்குமாக வரும் கட்டக்கோடுகளை (grid) இயக்குங்கள். இங்கே பாதிப் படங்களில் வாவியோ கடலோ இருக்கும். நீர்மட்டம் ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் படத்தில் வேறு என்ன இருந்தாலும் கண் அதில்தான் போய் நிற்கும்.

முகத்தை வெள்ளையாக்கும் 'பியூட்டி' வசதியை நிறுத்துங்கள். வெயிலில் வேலை செய்யும் மனிதரின் தோலை மெழுகு மாதிரி ஆக்கிவிடுகிறது. ஃபிளாஷும் வேண்டாம். படத்தின் மூலையில் போனின் பெயரைப் பதிக்கும் வசதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை அமத்தினால் படம் எடுபடும்படி வையுங்கள். திரையைத் தட்டும்போது வரும் அதிர்வு இதில் குறைவு, கண்ணையும் காட்சியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

ஸூம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். அது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். 1, 2 என்று போனே காட்டும் நிலைகளில் நின்றுகொண்டு, மிச்சத்துக்கு நடந்து கிட்டப் போங்கள். 0.5 அகலக் கோணத்தில் ஆட்களை எடுக்கும்போது அவர்களை ஓரத்தில் வைத்தால் தலையும் கையும் நீண்டு போகும். நடுவில் வையுங்கள்.

3. ஒரே வீதியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நாளே புளியந்தீவு, காத்தான்குடி, கல்முனை என்று பஸ்ஸில் ஏறி இறங்குபவர்கள் இருக்கிறார்கள். எந்த இடத்திலும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. ஒரு வீதியில் இரண்டு மணித்தியாலம் நின்றால்தான் பாண்கார ஆட்டோ எத்தனை மணிக்கு வருகிறது, எந்தச் சந்தியில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திக் கதைக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபடும். பிடிபட்ட பிறகு நீங்கள் ஓடித்திரிய வேண்டாம், காட்சி உங்களிடம் வரும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, சொந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள வீதி. தெரிந்த முகங்கள் இருப்பதால் கூச்சம் பாதியாகிவிடும்.

4. வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தை வையுங்கள்

நம் ஊரில் ஆண்டு முழுதும் சூரியன் 6 மணியை ஒட்டியே உதிக்கும், மறையும். சூரியன் ஏறும் வேகமும் அதிகம். மென்மையான மஞ்சள் வெயில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தங்காது. காலை 7.30க்கெல்லாம் நிழல் கறுப்பாகிவிடும். ஆகவே 6 மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் பிந்திவிட்டீர்கள். அந்நேரம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

கடல் கிழக்கே, வாவி மேற்கே. கல்லடிக் கடற்கரையில் காலை வெயில் கடலுக்கு மேலாக வரும். பின்னேரம் கல்லடிப் பக்கம் நின்று நகரைப் பார்த்தால் வெயில் வாவிக்கு மேலாக எதிரே நிற்கும். ஆட்களின் முகம் தெரிய வேண்டுமென்றால் சூரியன் உங்கள் முதுகுக்கோ தோளுக்கோ பின்னால் இருக்க வேண்டும். கறுப்பு உருவமாக வேண்டுமென்றால் எதிரே.

கடை வீதிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மட்டக்களப்பு–கல்முனை பிரதான வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. காலையில் மேற்குப் பக்கக் கடைகளின் முகப்பில் வெயில் விழும், பின்னேரம் கிழக்குப் பக்கத்தில். காத்தான்குடியில் வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களின் நிழல் காலையில் மேற்குப் பக்கக் கடைகளை நோக்கி நீளும். அந்த நிழல்களின் இடையே ஒரு சைக்கிள் வரும்வரை நின்றாலே நல்ல படம் கிடைக்கும்.

நடுப்பகலில் என்ன செய்வது? ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். மற்ற மாதங்களிலும் நடுப்பகலில் உயரத்திலேயே நிற்கும். கண்குழிகள் இரண்டும் கறுத்துப் போகும். அந்நேரம் வீதியை விட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கடை வாசல், தையல் கடை, சைக்கிள் திருத்தும் கொட்டில் என்று நிழல் உள்ள இடங்களுக்குப் போங்கள். வாசலில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் வரும் வெளிச்சம் முகத்துக்கு மிகவும் பொருந்தும்.

5. பின்னணியைத் தேர்ந்து, நின்று, காத்திருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

கல்லடிப் பழைய பாலத்தையே எடுத்துக்கொள்வோம். இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய் நிறைய முக்கோணங்களை உண்டாக்குகின்றன. புதியவர் பாலத்தில் நடக்கும் ஆளை எங்கே கண்டாரோ அங்கேயே எடுப்பார். ஆளின் தலை ஒரு இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். எது தலை, எது இரும்பு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இப்படிச் செய்து பாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில் போனைப் பிடித்து, சட்டங்களுக்கு இடையே வெறும் வானம் தெரியும் ஒரு இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். ஒரு முழம் இடப்பக்கம் நகர்ந்தால் இடைவெளி பெரிதாகும். முழங்காலை மடித்தால் தலைக்குரிய இடம் இன்னும் உயரும். சரி, இப்போது அசையாமல் நில்லுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு சைக்கிள் வரட்டும்.

ஒரு பின்னேரம் என்னோடு வந்த ஒரு தங்கச்சி இப்படி நாற்பது நிமிடம் நின்றாள். மூன்று மோட்டார் சைக்கிள், தள்ளித் தள்ளி நடந்து வந்த ஒரு குடும்பம், பிறகு வெறும் பாலம். கடைசியில் ஒரு பெரியவர் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வலையின் ஈயக் குண்டுகள் அவர் நடைக்கு ஏற்ப முதுகில் தட்டிக்கொண்டிருந்தன. இடைவெளிக்குள் கால் வைத்த நொடியில் அவள் பொத்தானை அமத்திப் பிடித்தாள். எட்டுப் படம் விழுந்தது. அதில் ஒன்றில் அவருடைய முன்கால் நிலத்தைத் தொடும் தறுவாயில் இருந்தது, இரண்டு காலுக்கும் நடுவே வாவி தெரிந்தது. மற்ற ஏழும் தேவைப்படவில்லை.

நடக்கும் ஆளுக்குப் பொதுவான விதி இதுதான்: காலிரண்டும் விரிந்திருக்கும் நொடியில் எடுங்கள். கால்கள் சேர்ந்திருந்தால் ஆள் கம்பம் மாதிரி தெரிவார். அவர் போகும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். சில போன்களில் அமத்தியதற்கும் படம் விழுவதற்கும் இடையே சிறிய தாமதம் உண்டு. அதனால் ஆள் வந்து சேர்வதற்கு ஒரு காலடி முன்னாலேயே அமத்தத் தொடங்க வேண்டும்.

பின்னணியில் பார்க்க வேண்டிய தொல்லைகள்: லைட் கம்பம், தொங்கும் வயர், பளிச்சென்ற சிவப்பு விளம்பரப் பலகை. கண் முதலில் போவது படத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கும் எழுத்துக்கும்தான். ஒரு பக்கம் நகர்ந்தால் போகக்கூடிய தொல்லையைப் பிறகு ஆப்பில் அழிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

6. தொட்டு, பூட்டி, வெளிச்சத்தை இறக்குங்கள்

ஆள் வரப்போகும் இடத்தைத் திரையில் தொட்டு, விரலை எடுக்காமல் இரண்டு நொடி வையுங்கள். குவியமும் (focus) வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் ஆள் நுழையும் நொடியில் போன் மறுபடி தேடத் தொடங்கும், படம் மங்கும்.

பூட்டிய பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் படம் இருளும். பெரும்பாலும் கொஞ்சம் இருளவிடுவதே நல்லது. இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போன பகுதியை மீட்க முடியாது. காலை 7 மணிக்கு வெள்ளைச் சீருடையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை எடுத்துப் பாருங்கள், புரியும். சட்டையின் மடிப்பும் பொத்தானும் தெரியும்வரை இறக்குங்கள்.

'போர்ட்ரெய்ட்' வசதியைத் தெருவில் பாவிக்க வேண்டாம். சைக்கிள் கம்பிகள், வலைக்கண், காற்றில் பறக்கும் முடி இவற்றின் ஓரத்தை அது பிழையாக வெட்டி மங்கலாக்கிவிடும்.

7. ஆட்களிடம் கேளுங்கள்

தூரத்தில் சின்ன உருவமாகப் போகும் ஒருவரைக் கேட்கத் தேவையில்லை. முகம் அடையாளம் தெரியும் அளவுக்குக் கிட்டப் போனால் கேட்க வேண்டும். ஒளித்து எடுத்த படம் பார்த்தாலே தெரியும். தோளும் பின்பக்கமும்தான் வரும், அல்லது கோபமான கண்.

கேட்கும் முறைக்கும் வரிசை உண்டு. முதலில் போனை இறக்கிவிட்டு வணக்கமோ ஸலாமோ சொல்லுங்கள். ஒரு பிளேன்ரீ வாங்குங்கள், அல்லது மீன் விலையைக் கேளுங்கள். பிறகு, "அண்ணே, நீங்க வேலை செய்யிறத ஒரு படம் எடுக்கலாமா?" காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ என்றால் "காக்கா", அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் போடப்போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள்.

சம்மதம் கிடைத்ததும் எல்லோரும் விறைத்து நின்று கமராவைப் பார்ப்பார்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், அது அவர்களுக்கு. எடுத்துத் திரையைக் காட்டிவிட்டு அங்கேயே நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் உங்களை மறந்து வேலைக்குத் திரும்புவார்கள். நீங்கள் தேடி வந்த படம் அப்போதுதான் வரும். சந்தையில் இறால் விற்கும் ஒரு அம்மா என்னிடம், "என்ன மனே, இறால எடுக்கிறியா, என்ன எடுக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தராசுத் தட்டில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தார். நான் வைத்திருப்பது அந்தக் கை உள்ள படம்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாம் தரம் கேட்காதீர்கள். பெண்களிடம் கேட்கும்போது அவர்களோடு வந்திருப்பவர்கள் பதில் சொன்னாலும், அந்தப் பெண்ணின் விருப்பத்தையும் பாருங்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், அவர்கள் ஓடி வந்து "எங்களையும் எடுங்க" என்றாலும் சரி.

இராணுவ முகாம், சோதனைச் சாவடி, பொலிஸ் நிலையம் பக்கம் போனைத் தூக்கவே வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இந்த நகரத்தின் சீயோன் தேவாலயமும் இலக்கானது. வழிபாட்டு இடங்களின் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நின்று படம் எடுத்தால் மக்கள் பதறுவது இயல்பு. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் பொறுப்பானவரைக் கண்டு கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். யாராவது வந்து விசாரித்தால் எடுத்ததைக் காட்டி அமைதியாகப் பேசுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள்.

8. சந்தைக் கூரையின் நிறம்

நீலத் தறப்பாளின் கீழ் எடுத்த மீன் நீலமாகத்தான் இருக்கும், மனிதரின் முகமும் அப்படியே. தறப்பாளுக்குள்ளால் வடிந்து வரும் வெளிச்சத்தின் நிறம் அது. போன் தானாகச் சரிசெய்யப் பார்த்தாலும் முழுதாக முடியாது. கூரையின் ஓரத்தில், வெளி வெளிச்சம் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நண்டின் கடுக்காய் நிறமும் மீன் செதிலின் வெள்ளியும் உள்ளபடி வரும்.

அல்லது நிறத்தையே விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். தறப்பாள் நிறம் பிழைத்த படத்துக்கு இது நல்ல தீர்வு.

9. இரவும் கொத்துக் கடையும்

இருட்டில் போன் தானாக 'நைட்' நிலைக்குப் போய், இரண்டு மூன்று நொடி அசையாமல் பிடிக்கச் சொல்லும். கடைப் பலகைக்கும் வெறும் வீதிக்கும் அது நல்லது. கொத்து ரொட்டி போடுபவரின் கைகளுக்கு உதவாது, கை புகை மாதிரிக் கரைந்துவிடும். அந்த நிலையை நிறுத்திவிட்டுக் கடை விளக்குக்குக் கிட்டப் போங்கள்.

சில கடைகளில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டிகள் விழும். எல்ஈடி விளக்கின் துடிப்பு அது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். செட்டிங்கை நாமே மாற்றக்கூடிய 'புரோ' நிலை உள்ள போனில் ஷட்டர் வேகத்தை 1/100 நொடி என்று வையுங்கள், பட்டிகள் பெரும்பாலும் போய்விடும். அந்த வேகத்தில் தகடுகளின் அசைவும் இலேசாகத் தெரியும், கல்லில் எழும் ஆவியும் நிற்கும். ஆவி நன்றாகத் தெரிய அதற்குப் பின்னால் இருட்டு இருக்க வேண்டும், விளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

10. மழை நாட்கள்

வடகீழ்ப் பருவ மழை வந்தால் பலரும் போனை உள்ளே வைத்துவிடுகிறார்கள். மழை விட்ட முதல் அரை மணித்தியாலத்தில் தார் வீதி கண்ணாடி மாதிரி இருக்கும். போனைத் தலைகீழாகப் பிடித்து, கமரா நிலத்துக்குக் கிட்ட வரும்படி வைத்தால் சின்னத் தேங்கு நீரிலும் ஒரு முழு ஆட்டோ தெரியும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் வில்லை பனித்துப் போகும். துடைத்தாலும் திரும்பப் பனிக்கும். பத்து நிமிடம் பொறுங்கள். சார்ஜ் துளையில் ஈரம் பட்டால் காயும்வரை சார்ஜில் போடாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தூசிதான் உள்ளே போகும்.

11. அடுத்த நாள் தெரிவு செய்யுங்கள்

எடுத்த அன்றே தெரிவு செய்தால், பட்ட கஷ்டம் கண்ணை மறைக்கும். அடுத்த நாள் பாருங்கள். எண்பது படத்தில் ஐந்து மிஞ்சினால் போதும்.

திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போன்ற இலவச ஆப் ஒன்று போதும். முதலில் சரிவை நிமிர்த்துங்கள், பிறகு ஓரங்களை வெட்டுங்கள், அதன் பின் வெளிச்சம், கடைசியாக நிறம். வெட்டி எறியப்போகும் பகுதிக்கு வெளிச்சம் பார்ப்பது வீண் வேலை என்பதால் இந்த வரிசை. நிறத்தைக் கூட்டுவதில் எல்லை தெரிய வேண்டும். வாவி பச்சை மையாக மாறினால் கூடிவிட்டது. முகத்தின் தோல் நிறத்தை அளவுகோலாக வையுங்கள்.

12. சேமிப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

ஒரு முறை திருத்தக் கொடுத்த போன் வெறுமையாகத் திரும்பி வந்தது. இரண்டு வருடப் படங்கள் போயின, அதில் இப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் முகமும் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறு இரவும் படங்களை இரண்டு இடத்தில் வைக்கிறேன்: ஒன்று இணையச் சேமிப்பு, மற்றது ஒரு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்புறை, அதன் பெயரில் திகதியும் வீதியும்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். பிரின்ட் எடுக்க வேண்டிய படத்தை 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விபரமும் கூடவே போகலாம். யாருடைய வீடோ பிள்ளைகளோ உள்ள படமென்றால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கிட்ட நின்று எடுக்கச் சம்மதித்தவர்களின் படத்தை 4×6 அங்குலத்தில் பிரின்ட் போடுங்கள். பின்பக்கத்தில் திகதியை எழுதுங்கள். அவர்களில் பலருக்கு வேலை செய்யும் இடத்தில் எடுத்த படம் என்று ஒன்றுமே இருக்காது. அடுத்த ஞாயிறு அதே வீதிக்குப் போகும்போது அந்தப் பிரின்டைப் பையில் மேலாக வையுங்கள், போன உடனே கையில் கொடுத்துவிட்டுப் பிறகு போனை எடுங்கள்.